வலிக்கும் ஒரு பொழுது உண்டு

"எப்பம்மா வலிக்குது?"

முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது நான் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலும் பதில் வராது, எக்ஸ்ரே உறைதான் வரும். மேலூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் மஞ்சள் பைக்குள்ளிருந்து அதை உருவி இரண்டு கையாலும் நீட்டுவார்கள். "எல்லாம் இதுல இருக்குங்கய்யா" என்பார்கள். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்பேன். வெள்ளன எழுந்திருக்கையிலா, பொழுது சாயவா, ஊர் அடங்கின பிறகா?

படத்தில் எலும்பின் நிழல் மட்டும்தான் விழும். வலி எந்த நேரத்துக்கு வருகிறது என்பது அதில் விழாது. மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், பெரியாஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவில் எங்கள் பேராசிரியர் ஒருவர் படத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, "முதல்ல ஆளைக் கேளு" என்பார். அன்றைக்கு அதைக் காதில்தான் வாங்கினேன். மனதில் வாங்க வைத்தவர் பூக் கட்டும் ஓர் அம்மா.

அவருக்கு அப்போது 41 வயது. சித்திரை வீதிப் பக்கம் உட்கார்ந்து மல்லிகை கட்டி விற்பவர். மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து விடிகிறதற்கு முன்னால் பூ வந்துவிடும். நனைத்த வாழைநாரை இடது கையில் சுற்றிப் பிடித்து, மொட்டுகளை எதிரெதிராக வைத்து முடிச்சுப் போட வேண்டும். என்னிடம் வந்தபோது முழங்கால் வலி என்றார். போகிற போக்கில், "வெள்ளன முடிச்சுப் போட வரல தம்பி, விரல் மரக்கட்டையாட்டம் இருக்கு. பத்து மணிக்கு மேலதான் வழிக்கு வருது" என்றும் சொன்னார். நான் படத்தைப் பார்த்தேன். முழங்காலில் லேசான தேய்மானம். விரல்களையும் படம் எடுத்துப் பார்த்தேன், எலும்பு சுத்தமாக இருந்தது. வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன்.

பத்து மாதம் கழித்து வந்தார். இரண்டு கையிலும் விரலடி முட்டிகள் வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. "அன்னைக்கே சொன்னேனே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அது முடக்குவாதம். உடம்பின் காவல் படை தன் மூட்டையே பகையென்று நினைத்துத் தாக்குகிற நோய். மூட்டின் உள்சவ்வு வீங்கித் தடித்து, மெல்ல மெல்ல எலும்பையே அரிக்கும். இரண்டு கை, இரண்டு கால் என்று இரு பக்கமும் வரும். விரல்களின் அடி முட்டியையும் நடு முட்டியையும் பிடிக்கும். நகத்தை ஒட்டிய முட்டியைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதன் பொழுது விடியற்காலை. எழுந்ததும் மூட்டுகள் இறுகிக்கிடக்கும், இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் சில மாதம் படத்தில் ஒன்றும் தெரியாது. ரத்தச் சோதனைகூடச் சிலருக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் மருந்துக்கு நன்றாகப் பணிகிற காலம் அந்த முதல் சில மாதங்கள்தான். அவருக்கு அந்தக் காலத்தை வீணாக்கியவன் நான். அதற்குப் பிறகு, வந்தவர் எந்த வலியைச் சொன்னாலும், கை குலுக்குவது போல் அவர் விரலடி முட்டிகளைச் சேர்த்து மெல்ல அழுத்திப் பார்க்காமல் அனுப்புவதில்லை. முடக்குவாதம் இருந்தால் அந்த அழுத்தத்துக்கே முகம் சுளிப்பார்கள்.

அவருக்கு மெத்தோட்ரெக்சேட் தொடங்கினேன். இந்த மாத்திரையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. மற்ற மாத்திரைபோல் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகக்கூடும். அதனால் கிழமையை நோயாளியையே சொல்லச் சொல்லி, அட்டையின் மேல் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். அந்த அம்மா யோசித்து, "செவ்வாக்கெழம எழுதுங்க தம்பி. அன்னைக்கு முகூர்த்தம் இருக்காது, பூ வேலை குறைச்சல்" என்றார். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். குறிப்பிட்ட இடைவெளியில் ஈரலுக்கும் ரத்தத்துக்கும் சோதனை. கருத்தரிக்க நினைக்கிற பெண்ணுக்கு இந்த மருந்தே கூடாது. சாய்ந்த விரல் நிமிரவில்லை. சாய்வது நின்றது. இன்றைக்கும் பூக் கட்டுகிறார், முன்னைப்போல் நெருக்கமாகக் கட்ட வராது.

விடியற்காலை வலியில் இன்னொரு வகை இளவட்டங்களுக்கு வரும். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன் நாலு மணிக்கு முதுகு பிடித்து எழுந்து உட்கார்ந்துவிடுவான். நடந்தால் சுகம், படுத்தால் வலி. வீட்டில் "ரெஸ்ட் எடு" என்பார்கள், ஓய்வுதான் அவனுக்கு எதிரி. முதுகெலும்பே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற வாதம் அது. இளவயதில் மூன்று மாதத்துக்கு மேல் இப்படி முதுகு வலித்தால் வாதநோய் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி, பொழுது சாய வருகிற வலி. எங்களிடம் வருகிற கூட்டத்தில் பெரும்பங்கு இதுதான்.

1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தபின் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து நெல் பெருகியது. நடவு நட்டதும் களை எடுத்ததும் பெண்கள். இடுப்பை வளைத்து, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, வீட்டுக்கு வந்தும் குந்தியே உலை வைத்து, குந்தியே பாத்திரம் துலக்கியவர்கள். ஐம்பதைத் தாண்டும்போது முழங்காலின் உள்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். வேலை செய்யச் செய்ய வலி ஏறும், உட்கார்ந்தால் தணியும். காலையிலும் கொஞ்சம் இறுக்கம் இருக்கும், அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்த அரை மணி. நாளாக நாளாகக் கால் வில்லாக வளையும். முழங்கால் சில்லின் மேல் உள்ளங்கையை வைத்து மடக்கச் சொன்னால், மணலைத் தேய்ப்பது போல் கரகரவென்று கைக்குத் தெரியும்.

இதற்கு நாங்கள் வைத்த பெயர் மூட்டுத் தேய்மானம். அந்தச் சொல்லே பாதிப் பேரை முடக்கிப் போட்டுவிட்டது என்று நினைக்கிறேன். நம் ஊரில் தேய்மானம் என்றதும் வண்டி அச்சுதான் மனதில் வரும். மசகு வற்றினால் அச்சு தேயும், ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தினால் தேயாது. "கிரீஸ் காஞ்சு போச்சாம்யா" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அப்படித்தான் காலையும் கொட்டகையில் நிறுத்திவிடுகிறார்கள்.

மூட்டில் எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள பொருள். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. அடி எடுத்து வைக்கும்போது ஈரப் பஞ்சு போல் பிழியப்பட்டு, காலைத் தூக்கும்போது மூட்டு நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குச் சோறு அந்த நீர்தான். நடக்காத மூட்டு பட்டினி கிடக்கும். குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. ஆகவே வலி அங்கிருந்து வருவதில்லை. அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உறை, உள்சவ்வு, சுற்றியுள்ள தசை இவற்றிலிருந்து வருகிறது. படத்தில் எலும்பும் எலும்பும் ஒட்டிப்போனவர் அழகர்கோவிலுக்கு நடந்து போய்விட்டு வருவதும், படம் சுத்தமாக இருப்பவர் மாடிப்படி ஏற முடியாமல் நிற்பதும் இதனால்தான்.

வாடிப்பட்டிப் பக்கத்து ஆத்தா ஒருவர். 62 வயது. எங்கோ யாரோ படத்தைப் பார்த்து, "தேஞ்சு போச்சு, இனிமே நடக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம் கட்டிலும் திண்ணையுமாக இருந்தார். என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது டேப் வைத்து அளந்தேன். சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி, அதிகம் வலிக்கிற வலது தொடை இடது தொடையைவிட மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தொடைத் தசை. அது கரைந்தால் பாரம் முழுக்க மூட்டிலேயே இறங்கும்.

குளிக்கிற துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தேன். "ஆத்தா, துண்டை நசுக்குங்க." அவர் இடுப்பைத் தூக்கினார். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். சில்லுக்கு மேலே உள்பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்து, "இந்த இடம் கல்லாட்டம் ஆகணும்" என்றேன். நாலாவது தடவை அந்த இடம் லேசாகத் துடித்தது. அவருக்கே தெரிந்தது, சிரித்தார். "அஞ்சு வரைக்கும் வாய்விட்டு எண்ணுங்க" என்றேன். எண்ணச் சொல்லாவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பத்து நசுக்கு காலையில், பத்து நசுக்கு சாயங்காலம். வாரத்துக்கு வாரம் வாசல் வரை, வேப்பமரம் வரை, பால் சொசைட்டி வரை நடை. மூன்று மாதம் கழித்துப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். படம் அப்படியேதான் இருந்தது.

இதற்கு மேல் சொல்வதெல்லாம் எளிய விஷயங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைகிறது. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம் மக்கள் பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். குந்துகிற வேலையை முக்காலியில் உட்கார்ந்து செய்யலாம். அறுபது வயதுக்காரருக்கு எம்ஆர்ஐ எடுத்து, "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று எழுதி வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அந்த வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் அது கிழிந்திருக்கும். துளை போட்டு அதைச் செதுக்குவதால் தேய்மான வலி போவது அரிது.

மாத்திரைக்கு வருகிறேன். மெடிக்கல் ஷாப்பில் கால் வலி என்று கேட்டால் நாலு நிற மாத்திரைகளைப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். "செட் மாத்திரை" என்று பெயர். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலி மருந்து இருக்கும், பல சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். நம் நாட்டில் கழுகுக் கூட்டங்கள் அழிந்ததற்குக் காரணம் இந்த டைக்ளோஃபெனாக். வலிக்காக மாட்டுக்குப் போட்ட மருந்து செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பிணந்தின்னிக் கழுகின் சிறுநீரகத்தைக் கொன்றது. 2006-ல் இந்திய அரசு கால்நடைக்கு அதைத் தடை செய்தது. மனிதருடைய சிறுநீரகம் கழுகினுடையதைவிடத் தாங்கும் என்றாலும், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள ஒருவர் மாதக் கணக்கில் தினமும் இதை விழுங்கினால் அது எத்தனை நாள் தாங்கும்? டயாலிசிஸ் வார்டில் படுத்திருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், செட் மாத்திரைக் கதை சொல்கிற ஒருவராவது இருப்பார். நாட்டு மருந்து என்று பெயர் எழுதாத டப்பாவில் விற்கும் பொடி, ஒரே நாளில் வலியைப் பறக்கடித்தால் அதையும் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருந்தால்தான் அப்படிப் பறக்கும். பின்னால் இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகக்கூடும்.

எல்லாம் செய்தும் ராத்திரித் தூக்கம் கெட்டு, வீட்டுக்குள்ளேயே நடமாட முடியாதவருக்கு மூட்டு மாற்று அறுவை நல்ல வழி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். அறுவை மேசையோடு வேலை பாதிதான் முடியும், மறு பாதி அந்தத் துண்டு நசுக்குகிற பயிற்சி. வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வாசலுக்கே வருகிறார். கேட்டு வாங்குங்கள்.

ஊர் அடங்கின பிறகு வருகிற வலியைக் கேட்டால் எனக்கு இன்றும் முதுகு நிமிர்ந்துவிடும்.

லாரி செட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், 38 வயது. பாரம் தூக்கியதில் வந்த முதுகு வலி என்று ஆறு வாரம் ஊசியும் பெல்ட்டுமாக ஓட்டியிருந்தார். எப்போது வலிக்கிறது என்றேன். "படுத்தாத்தான் சார். ராத்திரி பூராம் தூக்கமில்ல." சட்டையைத் தூக்கச் சொன்னேன். பேன்ட் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு இருந்தன. உடம்பு இளைத்ததை அவர் சொல்லவில்லை, பெல்ட் சொன்னது. முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக விரல் முட்டியால் தட்டி வந்தேன். ஒரே ஒரு கணுவில் துள்ளினார். சாயங்காலக் காய்ச்சல் உண்டா என்றேன். உண்டு.

முதுகெலும்பில் காசநோய். எலும்புருக்கி என்று நம் முன்னோர் காசநோய்க்கு வைத்த பெயர் இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். பகலில் தசைகள் அந்த இடத்தை இறுக்கிப் பிடித்துக் காக்கும். தூக்கத்தில் பிடி தளர்ந்ததும் புண்பட்ட எலும்பு அசையும், வலி எழுப்பிவிடும். இடுப்பு மூட்டில் காசநோய் உள்ள குழந்தை நடுராத்திரியில் அலறி எழுவதும் இதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு அறுவையே வேண்டாம். நோயாளியை நடமாட விட்டே மருந்தால் குணமாக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் சென்னையில் நடந்ததும் ஒன்று. மருந்து அரசில் இலவசம். ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம். வலி நின்ற மாதத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், மறுநாள் என்ற பேச்சே கூடாது. அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார், மூட்டை தூக்க இல்லை, கணக்கு எழுத.

ராத்திரி வலி எல்லாமே இப்படிப் பயமுறுத்துவதில்லை. கிடா வெட்டி விருந்து முடிந்த மறுராத்திரி, கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிறவருக்கு யூரிக் ஆசிட் வாதம். நல்ல மருந்து உண்டு. ஆனால் வலியே இல்லாமல், சோதனைச் சீட்டில் எண் கூடியிருக்கிறது என்பதற்காக மட்டும் மாத்திரை தின்ன வேண்டியதில்லை.

பொழுதே இல்லாமல் எந்நேரமும் இருக்கிற வலி ஒன்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, உடம்போடு திரும்புவார். முதுகு பலகையாக இருக்கும். படத்தில் எலும்பு சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து, முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வுகூட எலும்பாகியிருக்கும். கூட வந்த பேரனைச் சிரிக்கச் சொன்னால் பல்லில் பழுப்புப் பட்டை. போர்த் தண்ணீரில் உள்ள ஃபுளூரைடு செய்கிற வேலை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில் கண்டு எழுதிவைத்த நோய். இறுகிய எலும்பை இளக்க என்னிடம் மருந்தில்லை. பேரனுக்கு மட்டும் வழி இருக்கிறது, வேறு தண்ணீர். காய்ச்சிக் குடித்தால் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் செறியும்.

வலியே இல்லாமல் வருகிறதுதான் எலும்பு வலுவிழப்பு. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் உள்கூடு மெல்ல மெல்லப் பொக்கையாகிக்கொண்டே போகும். ஒரு நாள் ஈரமான பாத்ரூமில் சறுக்கிக் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு முறிந்து முள்கரண்டி கவிழ்ந்தது போல் வளைந்து நிற்கும். டப்ளின் நகரத்துக் காலிஸ் 1814-ல் விவரித்த அதே முறிவு.

மயக்க ஊசி கொடுத்து, இழுத்து, எலும்பை நேராக்கி, மாவுக்கட்டுச் சுருளை வாளித் தண்ணீரில் அமிழ்த்துவேன். குமிழி வருவது நின்றால் நனைந்துவிட்டது. லேசாகப் பிழிந்து சுற்றி, உள்ளங்கையால் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் உள்ளே பள்ளம் விழுந்து தோல் புண்ணாகும். இறுகும்போது மாவு சுடும். "சுடுதுய்யா" என்பார்கள். "சுட்டாத்தான் நல்லா இறுகுது, செத்த நேரம் பொறுங்க" என்பேன். கட்டு முடிந்த நிமிஷத்திலிருந்தே விரல்களை மடக்கி நீட்டச் சொல்வேன்.

உறவுக்காரர்கள் தயங்கித் தயங்கி, "புத்தூர் கட்டுக்குப் போகலாமான்னு…" என்று இழுப்பார்கள். நாட்டு எலும்புக் கட்டின் மேலுள்ள அந்த நம்பிக்கையை நான் ஏளனம் செய்ததில்லை. விலகாத சின்ன முறிவுகள் எந்தக் கட்டிலும் கூடும். எந்தக் கட்டு போட்டாலும் ஒன்றைப் பாருங்கள். விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல், வெளுத்துச் சில்லிடுதல் இருந்தால் நடுராத்திரியானாலும் கட்டைப் பிரித்தாக வேண்டும். உள்ளே ரத்த ஓட்டம் நின்று ஆறு மணி நேரம் போனால் தசை சாகத் தொடங்கும். அது மாவுக்கட்டிலும் நடக்கும், மூங்கில் பத்தையிலும் நடக்கும்.

கட்டு பிரித்ததோடு கதை முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மணிக்கட்டு முறிவு முதல் தாக்கீது. அடுத்து இடுப்பு எலும்பு. அப்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்து, அதில் வரும் எண் மைனஸ் 2.5-க்குக் கீழே இருந்தால் மருந்து தொடங்க வேண்டும். வாரம் ஒரு முறை வெறும் வயிற்றில் ஒரு முழு தம்ளர் தண்ணீரோடு மாத்திரை, பிறகு அரை மணி படுக்கக் கூடாது. இல்லையென்றால் உணவுக் குழாய் புண்ணாகும். எலும்புக்குக் கால்சியமும் வேண்டும், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பிறகு வெயில். இவ்வளவு வெயிலடிக்கிற மதுரையில் வைட்டமின் டி குறைவா என்று கேட்கிறார்கள். வெயில் தெருவில் அடிக்கிறது, நம் பெண்கள் அடுப்படியில் இருக்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தடவை மூட்டு வலியோடு எந்த மருத்துவரிடம் போனாலும், முந்தின ஒரு வாரம் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். வலி எந்நேரம் வந்தது, காலையில் இறுக்கம் விட எத்தனை நிமிஷம் ஆனது, தூக்கத்திலிருந்து எழுப்பியதா, நடந்தால் கூடியதா குறைந்ததா. இதுவரை தின்ற மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே உறையை அதற்குப் பிறகு நீட்டுங்கள்.